புறாத்தீவுப் புறாவும் கோபுரத்துப் புறாவும் ஒன்றா?

உப்புவெளியான்: நிலாவெளிக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: காட்டுப் புறாவைக் காக்கச் சட்டத்தை இறுக்கவேண்டுமாம், திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவில் கூடு இருக்கும் பாறைப் பக்கம் ஆளே போகக்கூடாதாம். கோயில் கோபுரத்தில் இருக்கிற அதே மாடப்புறாதானே அது? தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் படகுக்காரரின் வயிற்றில் அடிக்க இது ஒரு சாட்டு.

பாறைக்குருவி: எழுதியது நான்தான். இரண்டும் ஒன்றில்லை. கோபுரத்தில் இருப்பது வளர்ப்புப் புறாவின் வழி வந்தது. தீவில் பாறை இடுக்கில் கூடு வைப்பது காட்டுப் புறா. இலங்கையில் அதற்கு மிஞ்சிய இடங்கள் மிகச் சில. 1963இல் தீவைச் சரணாலயம் என்றார்கள், தேசியப் பூங்கா ஆனது 2003இல். இடையில் நாற்பது வருஷம். இன்றைக்கும் சனம் பாறையில் ஏறுகிறது, மிச்சச் சோற்றை விட்டுவருகிறது, அதைத் தேடிக் காகம் வருகிறது. காகம் முட்டையை விடுமா?

உப்புவெளியான்: உலகம் முழுக்க இருக்கிற பறவை, எந்த ஆபத்திலும் இல்லை. கோபுரத்துப் புறாதான்.

பாறைக்குருவி: உலகத்தில் இருந்தால் திருகோணமலையில் அழியலாமா? தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது, 2009இலும் திருத்தினார்கள். பறவையைக் கொன்றால் குற்றம், சரி. கூட்டுக்குப் பக்கத்தில் கும்பலாக நின்று தாயை விரட்டினால் யார் பிடிக்கிறார்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

கோட்டையடி: முதலில் திருகோணமலை நகரத்துப் பிரட்றிக் கோட்டை மான்களைப் பாருங்கள். ரோட்டில் பொலித்தீன் தின்கின்றன. அதற்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பாறைக்குருவி: மானுக்குத் தனியாக எழுதுங்கள் அண்ணா, நானும் வருகிறேன். இங்கே புறாவைப் பேசுவோம்.

உப்புவெளியான்: கொழும்பில் ஏசி அறையில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம். போன சீசனிலும் பவளப்பாறை என்று சொல்லிப் படகுக்காரரைத் திட்டியது இதே ஆள்தான்.

பாறைக்குருவி: நான் நிலாவெளியில் பிறந்தவள். என் அப்பாவும் படகுக்காரர்தான். பவளத்தை மிதிக்காதீர்கள் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன். புறாத்தீவு என்பது இரண்டு தீவு; அதில் பெரியதுக்கு ஆட்களைக் கூட்டிப்போங்கள், உழையுங்கள். கூடு இருக்கும் பாறைகளை மட்டும் விடுங்கள். அதைச் சட்டத்தில் எழுதி, காவலுக்கு ஆளும் போடவேண்டும்.

கோட்டையடி: மானைப் பற்றிக் கேட்டால் ‘தனியாக எழுது’ என்கிறார். எங்களை எப்போதும் இப்படித்தான் ஒதுக்குகிறார்கள்.

உப்புவெளியான்: அப்பா படகுக்காரர் என்றால் அவரிடமே கேளுங்கள், அது எந்தப் புறா என்று. கோபுரத்துப் புறா!

பாறைக்குருவி: கேட்டுத்தான் எழுதினேன். காட்டுப் புறா.