ராத்திரி பூகம்பமாம்: பெரிய வீட்டு குழு

விஜி அத்தை: (ஃபார்வர்ட்) இன்று இரவு 12.30க்கு சென்னையில் 8.2 பூகம்பம். யாரும் வீட்டுக்குள் தூங்காதீர்கள் 🙏
விஜி அத்தை: நாளைக்கு வளைகாப்ப வச்சிகிட்டு இது என்னடா

ப்ரியா: பொய் அத்தை

ராமு பெரியப்பா: நாளும் நேரமும் இதுவரைக்கும் எந்த நாட்டுலயும் கணிச்சதில்ல விஜி. 2001 ஜனவரி 26 நாங்க அகமதாபாத் மணிநகர்ல இருந்தோம், காலைல எட்டே முக்கால், உங்க அண்ணி அடுப்புல பால் வச்சிருந்தா, ஆட ஆரம்பிச்சது நிக்கவே மாட்டேங்குது. மையம் பூஜ் பக்கம், 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, 7.7. அகமதாபாத்ல மட்டும் 700 பேருக்கு மேல போயிட்டாங்க

கார்த்தி: அவ்ளோ தூரத்துலயா

சுந்தர் சித்தப்பா: அண்ணன் ஆரம்பிச்சாச்சு 😀

ப்ரியா: சித்தப்பா வளையல் எத்தன டஜன் வாங்க?

சுந்தர் சித்தப்பா: எங்கள ஏன் கேக்கற, காதுகுத்துக்கே சொல்லல

விஜி அத்தை: அத இப்ப எடுக்காத சுந்தரு

ராமு பெரியப்பா: முழுசா சொல்லிடறேன். மகாராஷ்டிராவுல லாத்தூர்ல 1993 செப்டம்பர் 30 விடிகாலைல வந்தது 6.2தான், பூஜ் சக்தில 100ல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா கிட்டத்தட்ட 10,000 பேர், பிள்ளையார கரைச்சிட்டு வந்து படுத்தவங்க மேல மண்ணு வச்சு அடுக்குன கல்லு சுவரு விழுந்துது. 2010ல சிலில கடலுக்கு அடில இருக்கற பாறைத்தட்டு நிலத்துக்கு அடில இருக்கற பாறைத்தட்டுக்கு கீழ சொருகி 8.8 வந்துது, 500 சொச்சம் பேர். அதே வருஷம் ஹைத்தில 7.0, லட்சத்துக்கு மேல! தலைநகரத்த ஒட்டி, ஆழமில்லாம வந்துது, வீடுங்கல்லாம் கம்பி பத்தாத கான்கிரீட்டு. சிலில கட்டட விதி கறார்

கார்த்தி: 😳

ராமு பெரியப்பா: அகமதாபாத்ல விழுந்ததுல நிறைய, கீழ கார் நிறுத்த வெறும் தூணு விட்டு மேல நாலஞ்சு மாடி ஏத்துனது. அம்மா வீட்ட பில்டருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் அந்த தூணு கணக்க பாக்கணும், இல்லாம கையெழுத்து போட மாட்டேன்

சுந்தர் சித்தப்பா: ஓ இதுக்குத்தானா. 2 வருஷமா இழுக்குது

ராமு பெரியப்பா: இதுக்குத்தான் சுந்தரு. பக்கத்து தெருவுல ஒரு கட்டடத்துக்கு கீழ்மாடியே காணோம்டா, மேல் பால்கனில காயப்போட்ட துணி அப்படியே கொடில இருந்துது

கார்த்தி: ஞாயித்துக்கிழம பில்டர் வர்றாரு, வரைபடம் கேக்கறேன் பெரியப்பா

சுந்தர் சித்தப்பா: பாக்கலாம்

விஜி அத்தை: அப்ப நான் உள்ளயே படுக்கட்டுமா

ப்ரியா: படுங்க அத்தை. வளையல் எத்தன டஜன்னு யாராச்சும் சொல்லுங்க, கடை சாத்திடுவான்