கெல்பியஸ் குகைக் கல்: இது ஆதாரமா?

துலாக்கோல்:
ரசமணி நேற்று எழுதியதைப் படித்ததில் என் டீ ஆறிப்போனது. 1694இல் பிலடெல்பியா வந்திறங்கிய யோகான்னஸ் கெல்பியஸ்தான் அமெரிக்காவின் முதல் ரோசிக்ரூசியனாம், அதாவது ரசவாதமும் மறைஞானமும் பேசும் ரகசியக் கூட்டத்து ஆளாம். ஆதாரம், அந்த ஊர் விஸ்ஸஹிக்கன் ஓடையோரத்தில் அவர் பெயரில் உள்ள குகை வாசலில் நிற்கும் கல்லாம். அந்தக் கல்லை நட்டது 1961இல், அமோர்க் என்ற ரோசிக்ரூசியன் சங்கம். அந்தச் சங்கமே 1915இல் தொடங்கியதுதான். பேரன் தாத்தாவுக்குப் பெயர் வைத்த கதை!

ரசமணி:
கல் இருக்கிறதா, இல்லையா?

துலாக்கோல்:
இருக்கிறது. 1961லிருந்து. குகை என்பதே சந்தேகம் ஐயா. கல்லடுக்கிக் கட்டிய சின்ன அறை அது. பால், வெண்ணெய் கெடாமல் ஊற்றுநீரில் வைக்கிற அறை என்றும் சொல்கிறார்கள்.

ரசமணி:
வெண்ணெய் வைக்கவா திரான்சில்வேனியாக்காரர் கெல்பியஸ் கடல் தாண்டி வந்தார்? கூடவே சுமார் 40 பேர். கூரைமேல் தொலைநோக்கி வைத்து இரவெல்லாம் வானம் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் ஒரு பேழையைக் கொடுத்து ஸ்கூல்கில் ஆற்றில் போடச் சொன்னார். சீடன் கரையில் ஒளித்துவிட்டுத் திரும்ப, படுக்கையில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். மறுபடி போய்ப் போட்டதும் இடியும் மின்னலும்! அது ஈயத்தைப் பொன்னாக்கும் ரசவாதக் கல் இல்லாமல் வேறென்ன?

மெய்யெழுத்து:
ஸ்கூல்கில் இல்லை, ஸ்கூகில். ஆறு வருஷம் அந்த ஊரில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

துலாக்கோல்:
இடி மின்னல் எல்லாம் அவர் போய்ச் சேர்ந்து பல காலம் கழித்துக் கட்டிவிட்ட கதை. அவர்கள் வந்த காரணம் வேறு. 1694இல் உலகம் முடியும், கிறிஸ்து வருவார் என்று கணக்குப் போட்டவர் அந்தக் கூட்டத்தின் முதல் தலைவர் சிம்மர்மான். பாவம், கப்பலேறும் முன்பே 1693இல் ராட்டர்டாமில் இறந்துபோனார். அப்புறம்தான் இருபதுகளில் இருந்த கெல்பியஸ் தலைவரானார். யாக்கோப் பேமே என்ற மறைஞானியைப் படித்த ஜெர்மன் பக்தர்கள், அவ்வளவுதான். போன வருஷம் பிரமிடு பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் ஒரு பலகையைக் காட்டினீர்கள்.

ரசமணி:
பிரமிடை ஏன் இழுக்கிறீர்கள்? கல்லுக்குப் பதில் இல்லை என்பதாலா?

ஈயம்பூசி:
ரோசிக்ரூசியன் என்றால் சரியாக யார் என்று முதலில் யாராவது சொல்லுங்களேன். ரசவாதி வேண்டுமென்றால் கனெக்டிகட் ஆளுநர் இளைய ஜான் வின்த்ரப் இருக்கிறார். இங்கிலாந்து மறைஞானி ஜான் டீ வரைந்த மோனாஸ் என்ற மாயக் குறியைத் தன் புத்தகங்களில் போட்டுக்கொண்டவர். ஆன்டிமனியும் வெடியுப்பும் சேர்த்து 'ரூபிலா' என்று சிவப்புப் பொடி செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். பெர்முடாவில் பிறந்த ஸ்டார்க்கி, ஹார்வர்டில் படித்து 1650இல் லண்டன் போய், பிலலெத்தீஸ் என்ற புனைபெயரில் ரசவாதம் பற்றி எழுதினார். அதை நியூட்டனே விழுந்து விழுந்து படித்தார்.

ரசமணி:
ஆக, குடியேறிகளிடம் ரசவாதம் இருந்தது! அப்போ கல்லும் சரிதானே.

துலாக்கோல்:
வின்த்ரப் பொடி இடித்தால் கெல்பியஸ் ரோசிக்ரூசியனா? பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் உங்களுக்கு மாலையா? 1961, ஐயா. 1961.

ஈயம்பூசி:
நான் யார் பக்கமும் பேசவில்லை. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரசமணி:
கல்லில் செதுக்கியிருப்பதை நம்ப மாட்டார், வெண்ணெய்க் கதையை நம்புவார். நல்ல துலாக்கோல்!

துலாக்கோல்:
செதுக்கிய உளி எந்த வருஷத்து உளி?

ரசமணி:
கல் நிற்கிறது. ஸ்கூல்கில் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மெய்யெழுத்து:
ஸ்கூகில் என்று எத்தனை தடவை சொல்வது?