இலவச மின்னூல்களை இறக்கிக் குவிக்கும் பழக்கத்தை எப்படி விடுவது?

கூடல்வாசகி:
வணக்கம். தமிழ் மின்னூல் இலவசமாக எங்கே கிடைத்தாலும் உடனே இறக்கி வைத்துவிடுகிறேன். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், டெலிகிராம் குழுக்கள் என்று எதையும் விடுவதில்லை. 1 டிபி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பாதிக்கு மேல் ‘டவுன்லோட் (3)’, ‘ஸ்கேன்0047’ என்ற பெயர்களில் கிடக்கின்றன. திறந்தால்தான் என்ன புத்தகம் என்றே தெரியும். ஒழுங்குபடுத்தலாம் என்று காலிபர் என்ற மின்னூல் அடுக்கும் மென்பொருளில் சேர்த்தேன், இடம் இன்னும் வேகமாகக் குறைகிறது. எல்லாவற்றையும்விட வருத்தம், படிப்பது குறைந்துவிட்டது. ராத்திரி கொஞ்சம் நேரம் கிடைத்தால் தேடுவதிலேயே போய்விடுகிறது. அழிக்க உட்கார்ந்தால், நாளைக்கு இந்தத் தளமே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று கை வரமாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்.

நிரல்மணி:
முதலில் காலிபர். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பையும் அது தன் நூலகக் கோப்புறைக்குள் நகலெடுத்துக்கொள்ளும். பழையதும் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் இரட்டிப்பாகப் போவது அதனால்தான். காலிபரில் புத்தகங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பழைய கோப்புறையிலிருந்து அவற்றை நீக்குங்கள். மிச்சத்தை இப்போது சேர்க்க வேண்டாம், கழித்த பிறகு சேர்க்கலாம்.

அப்புறம் டூப்குரு என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கோப்பின் பெயரை வைத்துத் தேடாமல் உள்ளடக்கத்தை வைத்து இரட்டைகளைத் தேடச் சொல்லுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கேன் செய்திருந்தால் மட்டும் இதில் சிக்காது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வல்லைவெளி:
அக்கா, தளம் இல்லாமல் போகும் என்ற பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் அதில் இருந்தன. இணையத்திலும் அப்படித்தான், யாரும் இலவசமாக வலைப்பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009இல் மூடியபோது எத்தனையோ பேர் கைப்பட அமைத்த பக்கங்கள் அதோடு போயின.

ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த இழப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து, ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டு, யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதுதான் பாதுகாப்பு. உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்கில் பெயரில்லாமல் கிடக்கிறது, உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. டிஸ்க் ஒரு தடவை கைதவறி விழுந்தால் எல்லாம் போய்விடும். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களுக்கோ இன்று எத்தனையோ இடங்களில் பிரதி இருக்கிறது. உங்கள் பிரதியை நம்பி அவை இல்லை.

அதனால் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, இது வேறு எங்காவது நிலையாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்றால் சுட்டியைக் குறித்துக்கொண்டு கோப்பை அழித்துவிடுங்கள். எங்குமே இல்லை என்று தெரிந்தால் அதைத் தொடாதீர்கள்.

செம்பருத்தி:
டெலிகிராமை மறந்துவிடாதீர்கள். அமைப்புகளில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். அந்தக் குழுக்களில் வருவதில் நிறைய, இப்போது கடையில் விற்கும் புத்தகங்களின் திருட்டு ஸ்கேன்கள். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமையான நூல்களைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவை உழைத்து எழுதியவருக்கு ஒரு பைசா தராமல் வருகின்றன, எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அந்தக் குழுக்களை விட்டு வெளியே வந்தாலே வரத்து பாதி குறையும்.

இன்னொன்று, போனில் இப்போது படிக்கும் ஒரே புத்தகம் இருக்கட்டும். அதை முடித்தோ, பிடிக்காமல் மூடியோ ஆன பிறகுதான் அடுத்தது.

கூடல்வாசகி:
எல்லோருக்கும் நன்றி. இரட்டைகள் போனதிலேயே டிஸ்க் நன்றாக இளைத்துவிட்டது. மதுரைத் திட்டக் கோப்புகள் முழுவதையும் அழித்தேன், பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. குழுக்களிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

கழிக்கும்போது ஒன்று கிடைத்தது. எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலின் பழைய குடமுழுக்கு மலர். அதை எடுத்த தளம் இப்போது திறக்கவில்லை, எங்கே தேடியும் வேறு பிரதி இல்லை. திருப்பணிக்கு நெல் கொடுத்தவர்கள் பட்டியல்கூட ஊர் ஊராக அதில் இருக்கிறது. இதை என்ன செய்வது?

வல்லைவெளி:
இதைத்தான் வைத்திருக்க வேண்டும் அக்கா. இன்றைக்கே இன்னொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் எடுங்கள். கோயில் நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், சம்மதித்தால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். ஏற்றும்போது கோயில் பெயர், ஊர், வெளியான ஆண்டு, அச்சகம் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்புங்கள், தேடுகிறவர்களுக்கு அப்போதுதான் அகப்படும். அச்சிட்ட மலரே ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் புதிதாக 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து அதையே ஏற்றுங்கள். பழைய ஸ்கேன்களில் ஓரத்து எழுத்துகள் அடிக்கடி வெட்டுப்பட்டிருக்கும்.