துபாய்க்குப் போவதா, திருப்பூரிலேயே இருப்பதா?

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் எட்டு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கும் வேலை, ஓட்டுகிறேன். பங்காளி ஒருவர் துபாயில் துணி வியாபாரம் செய்கிறார். கூட்டுச் சேர்ந்துகொள், குடும்பத்தோடு வந்துவிடு என்கிறார். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கம்பெனி லாபம் 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால்தான், தாண்டிய தொகைக்கு மட்டும் 9 சதவீத வரி.

இங்கே என் கதை: போன சனிக்கிழமை சம்பளக் கவர்களில் பெயர் எழுதி வைத்துவிட்டு, வேலை கொடுத்த பார்ட்டி பணம் போட்டாரா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. ஏழு மணிக்கு வீட்டம்மா வளையல் அடகுக்குப் போனது.

ஆனால் அய்யன் (அப்பா) காங்கயம் தோட்டத்தை விட்டு வரமாட்டார். என்.ஆர்.ஐ. ஆனால் இருக்கிற பூமியை வைத்துக்கொள்ளலாம், புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. பக்கத்து விவசாயக் காடு இப்போது பார்த்துத்தானா விலைக்கு வர வேண்டும்!

போனவர்கள் சொல்லுங்கள்: இங்கே மெஷினை விற்காமல் ஆள் வைத்து ஓட்ட முடிந்ததா? லைசென்ஸ், விசா, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதல் வருடம் கையிலிருந்து எவ்வளவு இறங்கியது? அப்புறம், திரும்பி வந்தவர்கள் இருந்தால் ஏன் வந்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள். ஏஜென்ட் நம்பர் மட்டும் வேண்டாமுங்க.