இட், ஈகோ, சூப்பர் ஈகோ: மனதின் அமைப்பா, மூன்று கற்பனை ஆட்களா?

நிலவன்:
உளவியல் அறிமுக நூல் எதைத் திறந்தாலும் கடலில் மிதக்கும் பனிப்பாறைப் படம் ஒன்று இருக்கிறது. நீருக்கு மேலே நனவு, நீர்மட்டத்தை ஒட்டி முன்நனவு (முயன்றால் நினைவுக்கு வருபவை), அடியில் நனவிலி (நமக்கே தெரியாமல் மனதில் இருப்பவை). அதே படத்தின் மேல் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மூன்று பெயர்களையும் எழுதிவிடுகிறார்கள். இந்தக் கோட்பாட்டை வைத்தவர், உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய ஃப்ராய்ட். அவர் தன் நூல்களில் வரைந்த படங்கள் எதுவும் பனிப்பாறை இல்லை. சரி, படம் போகட்டும். என் குறை கோட்பாட்டின் மீதே. இட் ஆசைப்படுகிறது, சூப்பர் ஈகோ கண்டிக்கிறது, ஈகோ நடுவில் தவிக்கிறது. ஒருவர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால், அவருக்குள்ளே இருக்கும் இன்னொருவர் அப்படிச் செய்யச் சொன்னார் என்று பதில் வருகிறது. இது விளக்கமே இல்லை, கேள்வியை ஒரு படி உள்ளே தள்ளிவைப்பது மட்டும்தான். மூளையில் இந்த மூன்றுக்கும் இடம் கிடையாது. எந்தச் சோதனை வைத்தாலும் இது தோற்பதும் இல்லை. வரலாற்றுப் பாடமாகக் கற்றுக்கொடுக்கலாம், அறிவியலாக வேண்டாம் என்கிறேன்.

தேன்மொழி:
நிலவன், அந்தப் படத்தை நீங்கள் ‘போகட்டும்’ என்று விட்டது தவறு. அது இரண்டு தனித்தனி மாதிரிகளை ஒன்றாக ஒட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஃப்ராய்ட் ஏன் மாறினார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1900-இல் கனவுகள் பற்றிய நூலின் ஏழாம் அத்தியாயத்தில் அவர் வைத்தது அடுக்கு மாதிரி: நனவிலி, முன்நனவு, நனவு. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு தணிக்கை. ஏற்க முடியாத ஆசைகள் ஒடுக்கப்பட்டு நனவிலியில் கிடக்கும். ஒடுக்குகிற வேலை நனவின் பக்கத்திலிருந்து நடக்கும். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் சிகிச்சை அறையில் அது நிற்கவில்லை.

நோயாளி மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறார். வலிக்கும் இடத்தை நெருங்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது, அல்லது வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. நீங்கள் எதையோ தவிர்க்கிறீர்கள் என்று சொன்னால் அவருக்கு உண்மையிலேயே புரிவதில்லை. அப்படியென்றால் ஒடுக்கப்பட்டது மட்டுமல்ல, ஒடுக்குகிற செயலும் நனவிலியில்தான் நடக்கிறது. இன்னொன்று, சில நோயாளிகளிடம் ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று சொன்னதும் நிலைமை மோசமாகிறது. குணமாவதற்குத் தனக்குத் தகுதியில்லை என்பது போன்ற ஒரு குற்ற உணர்வு, அதுவும் அவருக்கே தெரியாமல். ‘கீழே ஆசை, மேலே ஒழுக்கம்’ என்ற அடுக்குக் கணக்கு இதை எங்கே வைக்கும்?

1923-இல் அவர் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மாற்றியது இதற்காகத்தான். அதன் பிறகு நனவிலி என்பது மனதில் ஓர் இடம் அல்ல, ஒரு செயலின் தன்மை. ஈகோவின் ஒரு பகுதியும் சூப்பர் ஈகோவின் ஒரு பகுதியும்கூட நனவிலியாக இருக்கலாம். கண்ணெதிரே வந்த நிகழ்வுக்கு இடம் கொடுக்காததால் தன் மாதிரியையே ஒருவர் கலைத்து எழுதினார். எதிலும் தோற்காத கோட்பாடு என்கிறீர்கள், இந்த முதல் மாதிரி தோற்றதல்லவா?

கடலோடி:
தத்துவப் பக்கத்திலிருந்து ஒரு தடை. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் 1943-இல் எழுப்பியது, எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான கேள்வி ஃப்ராய்டிடம் கேட்கப்படவில்லை. தணிக்கை செய்யும் ஒன்று எதை மறைக்க வேண்டும், எதை விடலாம் என்று பிரிக்க வேண்டுமானால் மறைக்க வேண்டியது என்னவென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே தெரியாதது போல் இருக்கவும் வேண்டும். தன்னையே ஏமாற்றிக்கொள்வது எப்படி என்ற புதிரை விளக்கத்தான் மனதைப் பகுதிகளாகப் பிரித்தீர்கள். இப்போது அதே புதிர் முழுசாகத் தணிக்கைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

தேன்மொழி சொன்ன 1923 மாற்றம் இதைத் தீர்க்கவில்லை, மோசமாக்குகிறது. தணிக்கையின் வேலையை இப்போது நனவில்லாத ஈகோ செய்கிறது. நனவே இல்லாத ஒன்று எப்படி இவ்வளவு நுட்பமாகத் தேர்வு செய்கிறது?

தேன்மொழி:
கடலோடி, இதற்கான பதில் 1926-இல் வருகிறது. வகுப்பில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவதும் அதைத்தான். அதுவரை ஃப்ராய்டின் கருத்து, ஒடுக்கப்பட்ட பாலுந்தல் (பாலியல் உந்துசக்தி) பதற்றமாக மாறுகிறது என்பது. 1926-இல் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வருவது பதற்றம், அதற்குப் பின்தான் ஒடுக்கம். ஒரு நினைவோ ஆசையோ கிளம்பத் தொடங்கியதும் ஆபத்து நெருங்குகிறது என்பதற்கு அடையாளமாகச் சிறிதளவு பதற்றம் எழுகிறது. அந்தச் சின்ன அலாரமே கவனத்தைத் திருப்பப் போதும். உள்ளடக்கத்தை முழுதாகப் படித்துத் தீர்ப்பு எழுதும் அதிகாரி யாரும் வேண்டாம்.

முழுதாகத் தெரியாமலேயே சரியாக விலகிக்கொள்ள முடியும் என்பதற்கு உளப்பகுப்பாய்வுக்கு வெளியிலேயே சான்று உண்டு. 1911-இல் கிளாபரேட் என்ற சுவிஸ் மருத்துவர் தன் விரல்களுக்கிடையே ஓர் ஊசியை ஒளித்துவைத்துக்கொண்டு, நினைவிழப்பு நோயாளி ஒருவரின் கையைக் குலுக்கினார். பிறகு அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். குத்துப்பட்ட நினைவு அவரிடம் இல்லை. ஏன் கை கொடுக்கவில்லை என்று கேட்டபோது சரியான காரணமும் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் விலகிக்கொண்டது.

நிலவன்:
அந்த ஊசிக் கதை எனக்கும் பிடித்தது, ஆனால் அது உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லாது. அந்தப் பெண்மணிக்கு மூளை பாதிப்பால் புதிய நினைவு பதியவில்லை. யாரும் எதையும் ஒடுக்கவில்லை. நனவுக்கு வெளியே ஏராளமான வேலை நடக்கிறது என்பதை இன்று எந்த உளவியலாளரும் மறுப்பதில்லை. மொழியின் இலக்கணம், முகங்களை அடையாளம் காண்பது, கைப்பழக்கம் எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அந்த நனவிலிக்கு எதையும் மறைக்கும் நோக்கம் கிடையாது. ஃப்ராய்டின் நனவிலியோ ஆசைப்படுகிறது, வேடம் போடுகிறது, வெளியே வரத் துடிக்கிறது. முதலாவது நிரூபிக்கப்பட்டதை வைத்து இரண்டாவதை ஏற்கச் சொல்கிறீர்கள். உளப்பகுப்பாய்வு ஆதரவாளர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தத் தாவலைத்தான்.

சோதனையில் தோற்பது பற்றியும் சொல்கிறேன். கண்டிப்பான தந்தையின் கண்டிப்பை உள்வாங்கிக் குழந்தையின் மனசாட்சி கண்டிப்பாகிறது என்றார்கள். அப்புறம் 1930-இல் ஃப்ராய்டே எழுதுகிறார், மென்மையாக வளர்க்கப்பட்ட குழந்தைக்கும் மிகக் கடுமையான மனசாட்சி வரலாம் என்று. காரணம், அன்பான பெற்றோரிடம் காட்ட முடியாத கோபம் உள்ளே திரும்புகிறதாம். அடித்து வளர்த்தாலும் கடுமை, அணைத்து வளர்த்தாலும் கடுமை. எந்தக் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினால் இந்தக் கோட்பாடு ‘நான் தவறு’ என்று சொல்லும்? குழந்தையைத் தண்ணீரில் தள்ளுபவனையும், குதித்துக் காப்பாற்றுபவனையும் இதே கோட்பாடு ஒரேபோல விளக்கிவிடும் என்று அறிவியல் தத்துவவாதி பாப்பர் சொன்னதும் இதைத்தான்.

தேன்மொழி:
1930-இன் அந்த இடத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மனசாட்சியின் கடுமை வளர்ப்பின் நகல் அல்ல, குழந்தையின் சொந்த ஆக்ரோஷத்திலிருந்தும் அது வருகிறது என்பதுதான் அங்கே வாதம். பிறவி இயல்பும் சூழலும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றும் அவர் சொல்கிறார். அதைச் சோதிக்கலாம். வளர்ப்பின் கடுமையை மட்டும் வைத்து மனசாட்சியின் கடுமையைக் கணிக்க முடிந்தால் அந்தக் கருத்து தோற்றுப்போகும்.

பாப்பரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஃப்ராய்டை அவரைவிட விரிவாகப் படித்து, இன்னும் கடுமையாக விமர்சித்தவர் தத்துவவாதி அடால்ஃப் க்ரூன்பாம். 1984-இல் அவர் சொன்னது, உளப்பகுப்பாய்வு பொய்ப்பிக்கத்தக்கதுதான் (தவறு என்று சோதித்துக் காட்டக்கூடியதுதான்), பாப்பர் சொல்வது சரியல்ல என்று. அவருடைய குறை வேறு. சிகிச்சை அறையில் நோயாளி சொல்வதைச் சான்றாகக் கொள்ள முடியாது, மருத்துவரின் எதிர்பார்ப்பு அதில் கலந்துவிடுகிறது என்றார். இந்தக் குறைக்கு உளப்பகுப்பாய்வு பதில் சொல்லியே ஆக வேண்டும். எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விமர்சனம் பாப்பருடையது அல்ல, இது.

அருவி:
மூளையில் இடமில்லை என்று நிலவன் சொன்னார். அது அவ்வளவு முடிந்துபோன விஷயம் இல்லை. நரம்பியல் உளவியலாளர் மார்க் சோல்ம்ஸ் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஃப்ராய்டின் வரைபடத்தைக் கவிழ்த்தே போடுகிறார். பெருமூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் மகிழ்ச்சியையும் கோபத்தையும் காட்டுகிறார்கள். மூளைத்தண்டின் மேற்பகுதியில் சின்னச் சேதம் போதும், நனவே போய்விடும். ஆகவே உணர்வின் ஊற்று மூளைத்தண்டு. இட்தான் நனவுள்ளது, ஈகோ தன்னளவில் நனவற்றது என்பது அவர் முடிவு. ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் மூளை ஆய்வை வைத்து இந்த மாதிரியைத் திருத்த முடிகிறது என்றால், அது மூளையோடு ஒட்டாத வெறும் கதை இல்லை.

மருதன்:
இத்தனை பேர் பேசியும் மனதின் அமைப்பு என்றால் ஃப்ராய்டின் மூன்று மட்டும்தான் என்பது போலவே போகிறது. ஸ்காட்லாந்தின் உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பேர்ன் 1944-இல் இட் என்பதையே தூக்கி எறிந்தார். தொடக்கத்தில் முழுமையான ஓர் ஈகோ இருக்கிறது. அது இன்பத்தைத் தேடுவதில்லை, உறவைத் தேடுகிறது. சார்ந்திருக்கும் பெரியவர் ஆசைகாட்டிவிட்டுக் கைவிட்டால் குழந்தைக்கு அவரை விட்டுப் போக வழியில்லை. அதனால் அந்த மோசமான உறவையே உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. ஆசைகாட்டும் முகத்தோடு ஈகோவின் ஒரு துண்டு ஒட்டிக்கொள்கிறது. கைவிடும் முகத்தோடு இன்னொரு துண்டு. இரண்டாவது துண்டுக்கு அவர் வைத்த பெயர் ‘உள்ளிருக்கும் நாசகாரன்’. கொடுமைக்கு ஆளான குழந்தைகள் பெற்றோரைக் குறை சொல்லாமல் தன்னையே கெட்டவனாக நினைப்பதை அவர் நேரில் கண்டவர். கெட்ட உலகத்தில் நல்லவனாக இருப்பதைவிட நல்ல உலகத்தில் கெட்டவனாக இருப்பது குழந்தைக்குத் தாங்கக்கூடியது. தேன்மொழி சொன்ன அந்தத் தெரியாத குற்ற உணர்வை ஃப்ராய்டின் உந்தல் கணக்கைவிட இது நன்றாகவே விளக்குகிறது. பழைய துன்பத்தையே புதிய உறவிலும் தேடிப் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, மனம் உறவுகளால் ஆனது என்பதை நம்ப அதிக வாதம் தேவைப்படாது.

கடலோடி:
மருதன் சொன்னது மனதைத் தொடுகிறது, ஆனால் என் தடை அப்படியே நிற்கிறது. மூன்று ஆட்களுக்குப் பதிலாக இப்போது நாசகாரன் என்று ஒரு புது ஆள் வந்திருக்கிறார்.

இதை உளப்பகுப்பாய்வுக்கு உள்ளே இருந்தவர்களே உணர்ந்தார்கள். சார்ல்ஸ் பிரென்னர் 1964-இல் ஜேக்கப் ஆர்லோவோடு சேர்ந்து 1923 மாதிரிக்காக ஒரு நூலே எழுதியவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல், இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற பிரிவையே விட்டுவிடலாம் என்று வாதிட்டார். ஆசை, அதோடு வரும் வேதனை, அதற்கு எதிரான தற்காப்பு, இவற்றுக்குள் ஏற்படும் சமரசம் என்று மட்டும் பேசினால் போதும் என்றார். மூன்று ஆட்களும் இல்லாமலே வேலை நடக்கும்போது அவர்களை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

தேன்மொழி:
பிரென்னர் சொல்வதை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்று பாருங்கள். இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற பெட்டிகளை விட்டார். மோதலை விடவில்லை. மனம் தனக்குள்ளேயே முரண்படும், அந்த முரண்பாடு தெரியாமலே நம் செயல்களை வடிவமைக்கும் என்பது அப்படியே இருக்கிறது. நிலவன் சொன்ன நனவற்ற இலக்கண அறிவில் இது கிடையாது. நான் காப்பாற்ற நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

நிலவன்:
சரி, அதையே எடுத்துக்கொள்வோம். தோற்கக்கூடிய வடிவில் எழுதிக் காட்டுங்கள். ஆண்டர்சன், க்ரீன் இருவரும் 2001-இல் செய்த ஆய்வைச் சொல்லாதீர்கள். ஒரு சொல்லை நினைக்காமல் இருக்கும்படி திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தால் அது பின்னால் குறைவாக நினைவுக்கு வருகிறது என்பது அது. அங்கே சொற்கள் சாதாரணமானவை, அடக்குவதும் தெரிந்தே செய்வது.

தேன்மொழி:
அதைச் சொல்லப்போவதில்லை. உளப்பகுப்பாய்வு ஆய்வாளர்களான ஜோசஃப் வைஸ், ஹரால்ட் சாம்ப்சன் இருவரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் செய்ததைச் சொல்கிறேன். 1986-இல் நூலாக வந்தது. ஒடுக்கப்பட்டது தானே முண்டியடித்து வெளியே வருகிறது என்றால், மருத்துவர் விளக்காமல் அது வெளிப்படும்போது பதற்றம் கூட வேண்டும். மாறாக, நனவில்லாமலே ஈகோ நிலைமையை எடைபோட்டு, பாதுகாப்பு என்று பட்ட பிறகு தடையை எடுக்கிறது என்றால், வெளிப்படும்போது பதற்றம் கூடக் கூடாது. இரண்டும் உளப்பகுப்பாய்வுக்குள்ளேயே இருக்கும் கணிப்புகள், ஒன்று தோற்றே ஆக வேண்டும். ஒலிப்பதிவான அமர்வுகளின் எழுத்துவடிவத்தை மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மறைந்திருந்தவை மருத்துவர் விளக்காமலே வெளிவந்தன, பதற்றமும் கூடவில்லை. தோற்றது முதல் கணிப்பு, அதாவது 1900-இன் ஃப்ராய்ட்.

நிலவன்:
இதை முன்பே சொல்லியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும். வடிவம் சரியாக இருக்கிறது. ஆனால் அது ஒரே நோயாளியின் பதிவு. எது ஒடுக்கப்பட்டிருந்தது என்று தீர்மானித்தவர்களும் அதே கோட்பாட்டில் பயின்றவர்களா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் க்ரூன்பாம் சொன்ன கலப்படம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். வேறு சிகிச்சை முறைகளின் ஒலிப்பதிவுகளை, உளப்பகுப்பாய்வு படிக்காத மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து இதே முடிவு வரட்டும், மோதல் என்ற அந்த ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். பெட்டிகளை அப்போதும் ஏற்க மாட்டேன்.

தேன்மொழி:
பெட்டிகளை நானும் கேட்கவில்லை. அந்த மதிப்பீட்டாளர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம், பதற்றத்தை எதைக்கொண்டு அளக்கலாம் என்று தனியாக ஒரு விவாத இழை தொடங்குகிறேன். கடலோடியும் அங்கே வர வேண்டும். ‘எடைபோடும் ஈகோ’ என்று நான் எழுதியதைப் பார்த்ததும் சார்த்ரோடு கிளம்பியிருப்பார்.