நிதி திரட்ட மேக்கப் ஐட்டம் விக்கலாமா? ஐடியா ப்ளீஸ்

நிலாமகள்:
ஹாய் ப்ரெண்ட்ஸ், நாங்க ஒரு சின்ன லேடீஸ் குரூப், கேன்சர் பேஷண்ட்ஸ் சிகிச்சைக்கு நிதி சேக்கலாம்னு இருக்கோம். கிப்ட்டா வந்து பிரிக்காமலே கிடக்கிற லிப்ஸ்டிக், க்ரீம், சென்ட்னு எல்லார் வீட்லயும் இருக்குல்ல, அதையெல்லாம் வாங்கி ஸ்டால் போடலாம்னு பிளான். லேசா யூஸ் பண்ணதையும் சேத்துக்கலாமா? "லாபத்தில் ஒரு பகுதி நன்கொடை"ன்னு போர்டு வெச்சா போதுமா?

கயல்:
யூஸ் பண்ணது வேண்டவே வேண்டாம் சிஸ். லிப்ஸ்டிக் ஒருத்தர் உதட்டுல பட்டாச்சுன்னா வாய்ப்புண் வைரஸ் கூட ஒட்டிக்கலாம், மஸ்காரா, காஜல்னா கண்ணுக்கே பிரச்சனை. சீல் பிரிக்காததுலயும் எக்ஸ்பைரி டேட் பாத்துத்தான் எடுக்கணும். மூடி திறந்த டப்பா மாதிரி குட்டியா ஒரு படம் இருக்கும், அதுக்குள்ள 12எம்னு போட்டிருந்தா திறந்ததுக்கப்புறம் 12 மாசம்னு அர்த்தம், அதையே எக்ஸ்பைரின்னு நினைச்சுடாதீங்க. வெயில்ல ஸ்டால் போட்டா லிப்ஸ்டிக் உருகிடும், நிழலா இடம் பிடிங்க.

செந்தில்:
அந்த போர்டு வாசகத்தை மாத்துங்க மேடம். "ஒரு பகுதி"ன்னா எவ்ளோ? 1 சதவீதமும் பகுதிதான், 50ம் பகுதிதான். பிரெஸ்ட் கேன்சர் அடையாளமா பிங்க் ரிப்பன் ஒட்டி விக்கிற சில பொருள்ல கம்பெனி இவ்ளோதான் குடுப்போம்னு முன்னாடியே ஒரு லிமிட் வெச்சிருக்கும், அதைத் தாண்டினப்புறம் நீங்க வாங்குறதுல ஒரு பைசா கூட போகாது, இதைத்தான் 2002லயே பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அமைப்பு "வாங்குறதுக்கு முன்னாடி யோசி"ன்னு பிரச்சாரமா ஆரம்பிச்சாங்க. மேக்னு ஒரு மேக்கப் கம்பெனி 1994ல எய்ட்ஸ் நிதிக்காக விவா க்ளாம் லிப்ஸ்டிக் கொண்டு வந்தப்போ, லாபம்னு இல்லாம விக்கிற விலை முழுசையும் குடுக்குறோம்னாங்க. ஜனங்க நம்பி வாங்கினாங்க. உங்களுக்கு சரக்கு சும்மாவே வருது, அப்ப முழுப் பணத்தையும் தாராளமா குடுக்கலாமே! ஸ்டால் வாடகையை மட்டும் குரூப்ல பிரிச்சுக்கோங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு இல்ல எந்த டிரஸ்டுக்குப் போகுதுன்னு பேரோட எழுதுங்க, குடுத்த ரசீதையும் அப்புறமா எல்லாருக்கும் காட்டுங்க.

தேன்மொழி:
செந்தில் அண்ணா சொன்னது கரெக்ட். இன்னொண்ணும் யோசிங்க நிலா. கீமோவுல புருவம் கொட்டிப் போனவங்களுக்கு ஒரு ஐப்ரோ பென்சிலே பெரிய விஷயம், கண்ணாடில பழைய முகம் தெரியும். அமெரிக்கால 1989ல ஆரம்பிச்ச லுக் குட் ஃபீல் பெட்டர்ங்கிற கேன்சர் பேஷண்ட்ஸ் திட்டத்துல இதைத்தான் இலவசமா சொல்லித் தர்றாங்க, புருவம் எங்க ஆரம்பிக்கணும்னு புள்ளி வெச்சு, முடி மாதிரி சின்னச் சின்ன கோடா வரையறது. வர்றதுல நல்ல பென்சில், வாசனை இல்லாத க்ரீமை தனியா எடுத்து வெச்சு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு பேஷண்ட்ஸுக்கே குடுங்களேன், மிச்சத்தை வித்துக்கலாம்.

நிலாமகள்:
ரொம்ப தேங்க்ஸ்! யூஸ் பண்ணதை வாங்கப் போறதில்ல, போர்டுல "முழுத் தொகையும்"னே போட்டுடறோம். தேன்மொழி, ஆஸ்பத்திரில யார்கிட்ட பேசணும், நர்ஸா சோஷியல் வொர்க்கரா?

தேன்மொழி:
முதல்ல சோஷியல் வொர்க்கர்கிட்ட பேசுங்க, டாக்டர்கிட்ட அவங்களே கூட்டிட்டுப் போவாங்க.