ஹேசன் பிங்கிரி: 'உருளைக்கிழங்கு மேயர்' மட்டும்தானா?

கேள்வி:
அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1890 முதல் 1897 வரை மேயராக இருந்த ஹேசன் பிங்கிரியைப் பற்றி எங்கே படித்தாலும், காலி மனைகளில் ஏழைகளை உருளைக்கிழங்கு பயிரிடச் செய்த கதையே முன்னால் நிற்கிறது. காலணித் தொழிற்சாலை முதலாளியான அவரைத் தேர்தலில் வேட்பாளராக நிறுத்தியவர்கள் குடியரசுக் கட்சியின் செல்வந்தர்கள். அப்படியிருக்க, அவர் பெருநிறுவனங்களோடு மோதியது ஏன்?

மறுமொழி 1:
கொள்கைப் பிடிப்போடு அவர் பதவிக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நகராட்சியின் ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்ததுதான் அவரை மாற்றியது. தெருவிளக்குக்குத் தனியார் கேட்ட விலை மிகையெனக் கண்டு, நகரமே சொந்த மின்நிலையம் அமைக்க வழிசெய்தார். அது 1895-இல் இயங்கத் தொடங்கியது. டிராம் கட்டணம் ஐந்து சென்ட்டாக இருந்தபோது மூன்று சென்ட் போதுமென வாதாடி, அக்கட்டணத்துக்கு ஓட்ட முன்வந்த போட்டி நிறுவனத்துக்கு இடமளித்தார். 1891-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், படையை அழைக்காமல் பேச்சுவார்த்தையையே வற்புறுத்தினார். பழைய நண்பர்கள் விலகியதில் வியப்பில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உருளைக்கிழங்குத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1893-இன் நிதி நெருக்கடியில் வேலையிழந்த குடும்பங்களுக்கு, உரிமையாளர்கள் இரவலாகத் தந்த மனைகளை 1894-இல் பிரித்துக் கொடுத்து, விதையும் கருவிகளும் வழங்கினார்கள். தேவாலயங்களில் திரண்ட நன்கொடை சொற்பமே என்பதால், பிங்கிரி தம் குதிரையையே விற்றுப் பணம் சேர்த்தார். தொடக்கத்தில் இதைக் கேலி செய்தவர்கள் பலர். அறுவடைக்குப் பின் பிற அமெரிக்க நகரங்களும் இதே வழியைப் பின்பற்றின.

மறுமொழி 3:
அவருடைய பிடிவாதத்தையும் சொல்லியாக வேண்டும். 1896-இல் மிச்சிகன் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும் மேயர் பதவியை விடாமல் இரண்டையும் ஒருசேர வகிக்க முயன்றார். இரண்டும் ஒருவரிடம் இருக்கலாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1897-இல் தீர்ப்பளித்த பின்பே மேயர் நாற்காலி அவர் கையை விட்டுப் போனது. டிராம் நிறுவனங்கள் தம் ஆட்களை அங்கே அமர்த்திவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆளுநர் பதவி முடிந்த சில மாதங்களில், 1901 ஜூனில், லண்டனில் காலமானார்.